சீதனக் காணியில் ஒரு சுடுகளம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். என் வசனம் ஒரு இடத்தில் தொடங்கி இன்னொரு இடத்தில் போய் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் கூடிவிட்டது. நான் கூட்டித் துடைத்த கந்தோர், ஆபீஸ் என்பார்களே, அது நாலாம் மாடியில் இருந்தது என்று போன கிழமை இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். அது ஆறாம் மாடி என்று என்னோடு வேலை செய்த ஒருவர் பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தூசி எல்லா மாடியிலும் ஒன்றுதான்.

இந்தக் கிழமைக் கதையை எழுதாமல் விடுவோமா என்று மூன்று நாள் யோசித்தேன். இதில் வருகிறவர்கள் இதை வாசிப்பார்கள். அவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துக் கடலில் உள்ள எங்கள் தீவின் பெயரையும் எழுதவில்லை.

கலண்டரின் பின்பக்கம்

சண்டை ஓய்ந்து நாலைந்து வருஷம் போயிருக்கும். குளிர்காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாரிசில் எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கிற லாச்சப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவில், கணேசலிங்கத்தின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. அங்கேதான் எங்கள் தீவுச் சங்கம் கூடும். கணேசலிங்கம் தலைவர். கூட்டம் நடக்கும்போது கருவாட்டு மணமும் நனைந்த கோட்டுகளின் மணமும் கலந்து வரும். பெண்கள் அதிகம் போவதில்லை. கடைக்கு வடையும் ரோல்ஸும் சுட்டுக் கொடுப்பவள் என்பதால் நான் போவேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நிற்பேன். நாற்காலி தந்தாலும் இருக்கமாட்டேன். எனக்கு ஆட்களுக்கு முன்னால் இருக்கக் கூச்சம்.

அன்றைக்குக் கணேசலிங்கம் பழைய கலண்டர் தாள் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, தீவை வரைந்தார். வரைந்து முடிக்கவே பெரிய சண்டை.

"றோட்டு இதிலை வளையாது, கணேசு."

"அண்ணை, நான் சைக்கிளிலை விழுந்த வளைவு. எனக்குத் தெரியாதே?"

"நீர் விழுந்தது கள்ளு வெறியிலை. வளைவு அங்காலை."

எல்லாரும் சிரித்தார்கள். முப்பது வருஷமாக ஒருவரும் அந்த றோட்டில் நடந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொருவரிடமும் ஒரு வளைவு இருந்தது.

பிறகு கணேசலிங்கம் கடற்கரைப் பக்கமாக ஒரு சதுரம் போட்டு, அதற்குள் ஒன்றும் வரையாமல் விட்டார்.

"இது பாக்கியக்காவின்ரை காணி. பதினாறு பரப்பு, முழுசா ஒரு ஏக்கர். வெறுங்காணி. இதிலைதான் சுடுகளம் போடப்போறம்."

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. செயலாளர் துரை அண்ணைதான் கேட்டார்: "என்ன களம்?"

"துவக்குச் சுடப் பழகுற இடம். ஊர்ப் பிள்ளையள் எல்லாருக்கும் பொது."

"உமக்கு விசரோ? எங்கடை ஊரிலை துவக்கோ?"

"காத்துத் துவக்கு அண்ணை. ஈயக் குண்டு பயறளவுதான். ஒலிம்பிக்கிலை இருக்கிற விளையாட்டு. என்ரை மகள் ஷர்மி இங்கை பக்கத்திலை பொபினியிலை மூண்டு மெடல் எடுத்திட்டாள். அங்கை பிள்ளையள் துவக்கைக் கண்டு ஓடினதும் ஒளிச்சதும் காணும். ஒருக்கால் அவையளும் கையிலை எடுத்து மெடல் வாங்கட்டும்."

அவருடைய தம்பி சூடு பட்டுச் செத்தவன் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

"அக்கா, உங்களுக்குச் சம்மதந்தானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

கேத்தில் என் கையில் இருந்தது. நான் ஊற்றிய தேத்தண்ணி கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது. துடைக்கத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அந்தச் சதுரத்துக்குள் "சுடுகளம்" என்று எழுதி, அடியில் கோடும் போட்டுவிட்டார்கள்.

அது வெறுங்காணி இல்லை. அங்கே ஆட்கள் இருந்தார்கள். அந்த அறையில் அதை அறிந்தவள் நான் ஒருத்திதான்.

யோகத்தின் டெலிபோன்

அந்தக் காணி என் சீதனம். சீதனக் காணி பெண்ணின் பெயரில்தான் எழுதப்படும். என் புருஷன் இந்த நாட்டுக்கு வந்து ஏழாம் வருஷம் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. ஆகவே அந்தக் காணியில் என்ன செய்வதானாலும் என் ஒரு கையெழுத்துப் போதும். இப்படி ஒரு விஷயம் என் வாழ்க்கையில் வேறு ஒன்றும் இல்லை.

சண்டை முடிந்த அடுத்த வருஷமாக இருக்கவேண்டும். பாரிசுக்கு வெளியே சார்செலில் என் வீட்டுக்கு ஒரு அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல். எங்கள் ஊர் அதிகாரி விதானையார் நம்பர் தந்ததாகச் சொன்னாள்.

"அம்மா, நாங்கள் முகாமிலை இருந்து வந்தனாங்கள். உங்கடை வளவுக்கை கூரையில்லாத வீடொண்டு நிக்குது. மூண்டு பிள்ளையளோடை நிக்கிறன். உள்ளுக்கை வரட்டோ?"

"வாங்கோ, இருங்கோ" என்றேன். அதற்கு யோசிக்கவில்லை. சுவரை ஆடு நக்கிக்கொண்டிருக்கிற வீட்டில் பிள்ளைகள் இருக்கட்டுமே.

அவள் போனை வைக்கவில்லை.

"நாங்கள் ஆரெண்டு நீங்கள் கேக்கேல்லை, அம்மா."

பிறகு அவளே சொன்னாள். நாங்கள் வீட்டுக்குள் எடுக்காத ஆட்கள். எங்கள் கிணற்றில் கை வைக்க விடாத ஆட்கள். யோகம் என்று பெயரும் சொன்னாள்.

"வீட்டிலை இருக்கிறம். கிணத்தைத் தொடமாட்டம். ஆரையும் கொண்டு அள்ளி ஊத்தச் சொன்னியள் எண்டால் காணும்."

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் உடனே பதில் சொல்லவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதே கிணற்றடியில் நின்று அள்ளி ஊற்றியிருக்கிறேன். அவர்கள் குனிந்து இரண்டு கையையும் குவித்துப் பிடிப்பார்கள். வாளி அவர்கள் கையில் படாமல் உயரத்தில் இருந்து ஊற்றவேண்டும். அப்பா பார்த்துக்கொண்டு நிற்பார். என் அப்பாவின் வயதுள்ள ஒரு மனிதரின் கைக்குள் ஊற்றினேன். பாதி நிலத்தில் போனது. அவர் மிச்சத்தைக் குடித்துவிட்டு, "காணும் பிள்ளை" என்றார். அவருக்குக் காணவில்லை, போதவில்லை என்று எனக்குத் தெரியும்.

போனில் யோகத்தின் மூச்சுக் கேட்டது. அப்பா செத்து நாற்பது வருஷத்துக்கு மேல். இருந்தாலும் அவர் எனக்குப் பின்னால் நிற்பதுபோலவே இருந்தது.

"நீங்களே அள்ளுங்கோ" என்றேன்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தரம் அவள் எடுப்பாள். கூரை போட்டது, முருங்கை வைத்தது, மூத்தவள் சோதினை பாஸ் பண்ணியது எல்லாம் சொல்வாள். லாச்சப்பலில் நான் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன கேட்பார்கள் என்று தெரியும். அதோடு என்னிடம் வடை வாங்குவதை நிறுத்திவிடுவார்களோ என்றும் பயந்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பொபினியில் ஒரு சனிக்கிழமை

கூட்டம் முடிந்த பிறகு கணேசலிங்கம் கடுதாசி தயாரிக்கத் தொடங்கினார். என் சார்பில் ஊரில் வேறொருவர் கையெழுத்து வைக்கிற உரிமைக் கடுதாசி. எங்கள் பக்கத்தில் அதை அற்றோணி என்று சொல்வோம். நான் அதில் கையெழுத்து வைத்தால் யோகமும் பிள்ளைகளும் வெளியே போகவேண்டும். வைக்காவிட்டால் ஏன் என்று சொல்லவேண்டும்.

நான் தயங்குவதைப் பார்த்து, வெடிச் சத்தத்துக்குப் பயப்படுகிறேன் என்று அவர்களாகவே முடிவு கட்டினார்கள். என் பயத்தைப் போக்க ஷர்மி வந்து என்னைப் பொபினிச் சுடுகளத்துக்குக் கூட்டிப்போனாள். இருபத்தொரு வயது. தகப்பனோடு பிரெஞ்சு, என்னோடு தமிழ். தமிழ் முடிகிற இடத்தில் பிரெஞ்சு வந்துவிடும்.

அது ஒரு நீளமான மண்டபம். பத்து மீற்றர் தள்ளி, என் உள்ளங்கையளவு கடுதாசிகள் தொங்கின. சுட்டால் சத்தம் "டப்" என்று ஒரு முறைதான், தீப்பெட்டி நிலத்தில் விழுந்ததுபோல. ஒரு கிழவர் ஏழெட்டுத் தரம் சுட்டுவிட்டு, பையில் இருந்து அப்பிள் எடுத்துக் கடித்தார். அங்கே ஒருவரும் ஒருவர்மேலும் கோபமாக இல்லை.

"மாமி, நீங்களும் ஒண்டு விடுங்கோ."

"ஐயோ, எனக்கு வேண்டாம் பிள்ளை."

"தூஸ்மோ, மாமி. மெதுவா. மூச்சை விட்டிட்டு, பிறகு விரல்."

துவக்கை எடுத்து என் தோளில் வைத்துவிட்டாள். பாரமாகத்தான் இருந்தது. நான் மூச்சை விட்டேன், விரலை அழுத்தினேன். கடுதாசியை அவள் கிட்டக் கொண்டுவந்து காட்டினாள். ஓரத்தில் ஒரு சின்ன வட்ட ஓட்டை.

"ப மால்! பரவாயில்லையே! மாமி, நீங்கள் கள்ளமாப் பழகி இருக்கிறியள்!"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் எனக்கு இடைஞ்சலாகிவிட்டது. சுடுகளத்தின்மேல் ஒரு குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லாமல் போனது. ரயிலில் வரும்போது அந்தக் கடுதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். எங்கள் பிள்ளைகளுக்கும் இது கிடைக்கட்டும் என்றுதான் நினைத்தேன். பிறகு யோகத்தின் பிள்ளைகளை நினைத்தேன்.

"எங்கடை ஆக்களோ?"

அடுத்த கூட்டத்துக்கு அற்றோணிக் கடுதாசி வந்திருந்தது. அன்றைக்கு என்னைப் பலவந்தமாக நாற்காலியில் இருத்தினார்கள். முன்னால் பேனை. ஷர்மியும் வந்திருந்தாள். இருபது பேராவது இருக்கும்.

நான் ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

"தம்பி, எனக்குச் சம்மதமில்லை. வெடிச் சத்தம் எனக்கு ஒத்துவராது. பழசெல்லாம் ஞாபகம் வருது."

உடனே எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். துரை அண்ணை "பாவம்" என்றார். கணேசலிங்கத்தின் முகம் வாடியது. அவர் பேனையைத் திருப்பி எடுக்கக் கையை நீட்டினார். அந்தப் பொய்யோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஷர்மிதான், பாவம், எனக்கு உதவி செய்யும் எண்ணத்தில் குறுக்கே விழுந்தாள்.

"மே நோன், இல்லை பப்பா! மாமி பொபினியிலை தானே சுட்டவா! பயப்படவே இல்லை. சிரிச்சவா!"

அறை முழுக்கச் சிரிப்பு. "அக்கா சுட்டவவோ?" "இனி வடைக்குக் கடன் கேக்கேலாதப்பா!" என்று ஒருவர். என் முகம் எரிந்தது. சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் என்னையே பார்த்தார்கள், பொய் பிடிபட்டவளைப் பார்க்கிறது போல.

"அப்ப என்ன காரணம், அக்கா?" என்று கணேசலிங்கம் தன்மையாகத்தான் கேட்டார்.

நான் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "அங்கை ஆக்கள் இருக்கினம். நான்தான் இருக்கச் சொன்னனான்."

"ஆர்?"

"முகாமிலை இருந்து வந்த ஒரு பிள்ளை. மூண்டு குழந்தையள்."

துரை அண்ணை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நான் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார்.

"எங்கடை ஆக்களோ?"

"இல்லை."

"தண்ணி?"

"எங்கடை கிணத்திலை. அவையளேதான் அள்ளுகினம்."

கடைக்கு முன்னால் ஒரு ஆள் கத்தரிக்காய் விலை கேட்பது கேட்டது. பாரிசில் முப்பது வருஷம், மெத்ரோவில் யார் பக்கத்திலும் ஒட்டி நிற்போம், யார் தொட்ட கம்பியையும் பிடிப்போம். ஆனால் அந்தக் கிணறு அந்த அறையில் எல்லாருடைய தலைக்குள்ளும் இருந்தது. என் தலைக்குள்ளும் இருந்தது என்பதால்தான் இவ்வளவு நாளும் மறைத்தேன்.

இரண்டு பேர் கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார்கள்.

ஷர்மி தகப்பனைக் கேட்டாள்: "எங்கடை ஆக்கள் எண்டா ஆர், பப்பா? தீவு ஆக்கள்தானே? அவை தீவிலைதானே இருக்கினம்?"

அவள் திரும்பவும் பிரெஞ்சில் கேட்டாள். கணேசலிங்கம் அற்றோணிக் கடுதாசியை நாலாக மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். கூட்டம் அதோடு கலைந்தது. என் வடைத் தட்டில் பாதி அப்படியே மிஞ்சியது. கூட்டத்தில் வடை மிஞ்சியது அதுதான் முதல் தரம்.

ஒன்பதாம் மாடி

பிறகு இரண்டு மூன்று மாதம் நான் லாச்சப்பல் பக்கம் போகவில்லை. கடையில் இருந்து வடைக்குச் சொல்லி ஒருவரும் எடுக்கவும் இல்லை.

ஒருநாள் பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. கணேசலிங்கம். எங்கள் கட்டிடத்தில் லிப்ட் வேலை செய்யாது. ஒன்பது மாடி ஏறி வந்திருந்தார். கதிரையில் இருந்து மூச்சு வாங்கி முடியக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அக்கா, ஷர்மி என்னோடை கதைக்கிறேல்லை" என்றார் முதலில்.

பிறகு சிரிப்பும் இல்லாமல் கோபமும் இல்லாமல் சொன்னார்: "சுடுறதுக்குப் பத்து மீற்றர்தான் வேணும். நான் பதினாறு பரப்புக் கேட்டனான். தீவு முழுக்கப் பாக்கவேணும் எண்ட பெருமை. பின்பக்கம் பத்துப் பரப்பைத் தாங்கோ. வீடு நிக்கிற ஆறு பரப்பு அவையளுக்கு இருக்கட்டும்."

நான் அவருக்குக் கோப்பி போட எழும்பினேன்.

"ஒண்டு, அக்கா. கிணறு களத்துப் பக்கம் வரட்டும். பிள்ளையள் சுட்டுக் களைச்சு வந்தால் தண்ணி வேணும். பொதுக் கிணறெண்டு உறுதிப் பத்திரத்திலை எழுதுவம். அவையளும் அள்ளலாம், எல்லாரும் அள்ளலாம்."

கேட்கும்போது நல்லதாகத்தான் இருந்தது. ஓம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் இந்தக் காணி விஷயத்தில் அங்கே இருக்கிறவளை இதுவரை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு யோகத்துக்கு எடுத்தேன்.

சுடுகளம் என்றதும் அவள் சிரித்தாள். "என்ரை சின்னவனும் சுடலாமோ அம்மா?" என்று கேட்டாள். கிணறு என்றதும் சிரிப்பு நின்றது.

"பொதுவெண்டு எழுதினால், அம்மா, நாளைக்கு எங்களைத்தான் பொதுவுக்கு வெளியிலை நிப்பாட்டுவினம்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கெஞ்சவும் இல்லை.

அடுத்த நாள் கணேசலிங்கத்துக்கு நான் போன் எடுத்தேன். பொய் சேர்க்காமல் நான் ஒருவரை எதிர்த்துச் சொன்னது அதுதான் முதல் தரமாக இருக்கும். "தம்பி, பத்துப் பரப்பு உங்களுக்கு. கிணறும் ஆறு பரப்பும் யோகத்தின்ரை பேருக்கு நன்கொடை உறுதி. அவளின்ரை உறுதி முதல் முடியட்டும். பிறகு மற்றதிலை கையெழுத்து வைக்கிறன்."

"அப்ப பிள்ளையள் தண்ணிக்கு என்ன செய்யிறது?"

"யோகத்தைக் கேட்டுக் குடிக்கட்டும்."

"சரி, அக்கா" என்று போனை வைத்துவிட்டார்.

திறந்த நாள்

அனுமதி எடுக்க வருஷக் கணக்காக இழுபட்டது. துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே கந்தோர்களில் கடுதாசியைத் திருப்பி அனுப்பினார்கள். கணேசலிங்கம் விடவில்லை. கடைசியில் தகரக் கூரையும் கல்லுச் சுவருமாக அது எழும்பியது. ஷர்மி வேலையில் லீவு எடுத்துக்கொண்டு போய் இரண்டு மாதம் நின்று பழக்கினாள்.

திறப்பு நாள் படங்களை அனுப்பினாள். ஒரு படத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். யோகத்தின் கடைசி மகன் இரண்டாவதாக நிற்கிறான். அதைப் பார்த்து அழுதேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டப் பார்த்தேன். சுவரோரம் பெட்டி பெட்டியாகப் போத்தில் தண்ணி அடுக்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து வள்ளத்தில் ஏற்றி வந்திருக்கவேண்டும். கிணறு அங்கே இருந்து நாற்பது அடிகூட இல்லை.

அன்றைக்கே யோகத்தைக் கேட்டேன்.

"போத்தில் முடிஞ்சால் வருவினம், அம்மா" என்றாள்.

அதற்குப் பிறகு எடுக்கும்போதெல்லாம் கேட்பேன். போன வருஷம் ஒருநாள், "இப்ப வருகினம் அம்மா, பிள்ளையள் வந்து கேட்டு அள்ளிக் குடிக்கினம்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு உடனே முருங்கைக்காய்க் கதைக்குப் போய்விட்டாள். யோகம் நல்ல பிள்ளை. எனக்கு எண்பது வயதாகிறது என்று அவளுக்குத் தெரியும். என் மனம் ஆறட்டும் என்று அவள் சொல்லியிருக்கவும் கூடும்.

என்னால் இனிப் பிரயாணம் செய்யமுடியாது. படிகூட இறங்குவதில்லை. ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கோடை லீவுக்கு எங்கள் தீவுக்குப் போகிறவர்கள் யாரும் இருந்தால், நான் எழுதிய விவரங்களைச் சரி பாருங்கள். களத்தின் அளவு பிழையாக இருக்கலாம், வருஷங்களும் முன்பின்னாக இருக்கலாம், அவற்றைத் திருத்திவிடுங்கள். ஒரு நாள் காலமை, பிள்ளைகள் சுட்டு முடித்து வெளியே வருகிற நேரம்வரை அங்கே நில்லுங்கள். யோகத்தை ஒன்றும் கேட்கவேண்டாம். அந்தப் பிள்ளைகள் எங்கே போய்த் தண்ணி குடிக்கிறார்கள் என்று மட்டும் பார்த்து, உள்ளதை உள்ளபடி எனக்கு எழுதுங்கள்.